கல்லின் மேல் ஈரல்

காலை ஒன்பது மணியிலிருந்து வெர்லின் ஸ்டக்கி எங்களுக்கு மூன்று கோப்பை காப்பி கொடுத்திருந்தார். பதில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

மனிதருக்கு அறுபத்தேழு வயது. வயோமிங்கில் எங்கள் பக்கம் எல்க் மான் வேட்டை என்று பேச்செடுத்தால் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் அவர் பெயர் வந்துவிடும். போன சனிக்கிழமை தனியாகக் கோடாலி மேட்டுக்குப் போனார். ஒரு கொம்பனை, அதாவது கொம்புள்ள ஆண் எல்க்கை, சுட்டார். கறியை முதுகில் சுமந்து இறக்கி, வண்டியில் ஏற்றி, வீடு வந்து சேர்ந்தார். இதுவரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை.

கோடாலி மேடு அரசு நிலம். எனக்கும் அதில் பங்கு உண்டு, வரி கட்டுகிற யாருக்கும் உண்டு. ஆனால் மேட்டைச் சுற்றி நாலு பக்கமும் இரட்டை விளக்கு என்கிற தனியார் பண்ணை. அதன் முதலாளி வருஷத்துக்கு இரண்டு முறை விமானத்தில் வந்து, நிலம் அங்கேயே இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர். பண்ணையைப் பிளந்துகொண்டு ஒரே ஒரு பழைய மண் சாலை மேட்டுக்குப் போகிறது. அந்தச் சாலை இருக்கும் வரைதான் மேடு எங்களுடையது. சாலையை மூடினால், சொந்த நிலத்தைப் பார்க்க நாங்களும் விமானம் வாங்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை பண்ணை மேலாளர் கோல்பி ஒரு புகார் கொடுத்தான். பண்ணை வேலிக்கு உள்ளே, எல்லையிலிருந்து நானூறு கஜம் தள்ளி, எல்க் குடல் ஒரு குவியலாகக் கிடக்கிறதாம். சனிக்கிழமை அந்தச் சாலையில் போய்வந்தது வெர்லினின் வண்டி ஒன்றுதான். ஆகவே வெர்லின் பண்ணை நிலத்தில் புகுந்து சுட்டிருக்கிறார். வேட்டைக் காவலர் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார், கறிக்கு முத்திரை வைத்தார். குற்றம் உறுதியானால் ஐந்து வருஷத்துக்கு உரிமம் கிடையாது. இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் இருக்கிற அறுபத்தேழு வயதுக்காரருக்கு ஐந்து வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரியும்.

அதோடு போகவில்லை. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு மாவட்டக் குழு கூடுகிறது. திருடர்கள் வருகிற சாலையை மூட வேண்டும் என்பது பண்ணையின் மனு. அதனால்தான் உள்ளூர் வேட்டைக்காரர் சங்கம் எங்களை அனுப்பியிருந்தது. எங்களை என்றால், இருபத்தேழு வருஷம் வேட்டைக் காவலராக இருந்து ஓய்வு பெற்று இப்போது துப்பறியும் வேலை பார்க்கிற ஆர்டிஸ் டோலஃப்சன் மேடத்தையும், அவருக்கு வண்டி ஓட்டி, ஃப்ளாஸ்க் தூக்கி, கேட்காத யோசனைகளைச் சொல்லும் ஜாபி அரியேட்டா என்கிற என்னையும். மேடம் காவலராக இருந்த காலத்தில் வெர்லினுக்கு இரண்டு முறை அபராதம் போட்டிருக்கிறார். அந்த மரியாதை இரண்டு பக்கமும் இன்னும் இருக்கிறது.

"எந்த இடத்துல சுட்டீங்கன்னு சொல்லிடுங்க வெர்லின். நாங்க போய்ப் பாக்கறோம். ஒரு மணி நேர வேலை," என்றார் மேடம்.

"மேட்டுலதான்."

"மேடு ஒன்பதாயிரம் ஏக்கர்."

"ஆமா. பெரிசுதான்."

நான் குறுக்கே விழுந்தேன். "சார், கொலை பண்ணவன்கூட இந்நேரம் இடத்தைக் காட்டியிருப்பான்."

வெர்லின் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் காட்டுனா காவலர் ரிப்போர்ட்ல எழுதுவாரு. ரிப்போர்ட்ட யார் வேணா வாங்கிப் படிக்கலாம். அடுத்த அக்டோபர்ல டென்வர்க்காரன் பூராப் பேரும் அங்க கூடாரம் போட்டிருப்பான். அதுக்குப் பதிலா நான் உரிமமே இல்லாம உக்காந்துட்டுப் போறேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படித் தெரியாது. என் மாமா சாகும்போது வீடு, ஆடு, வண்டி எல்லாவற்றையும் உயிலில் எழுதினார். தான் கொம்பன் சுடும் இடத்தை எழுதவில்லை. பெற்ற பிள்ளைகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெர்லினோ சூடு பட்டவர். ராய்ஸ் ஹாபர்மன் என்று ஒரு கூட்டாளி, முப்பத்தொரு வருஷம் சேர்ந்தே வேட்டைக்குப் போனவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ராய்ஸ் தன் மருமகனை அவர்கள் இருவரும் மட்டும் அறிந்த இடத்துக்குக் கூட்டிப் போனார். மருமகன் போட்டோவும் வரைபடமுமாக ஊருக்கெல்லாம் ஃபோனில் காட்டிவிட்டான். அடுத்த வருஷம் அங்கே பதினோரு வண்டி நின்றது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. வெர்லின் மேட்டில் தனியாக அலைந்து இன்னொரு இடம் கண்டுபிடித்தார். அதைத்தான் இப்போது வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்.

மேடம் வேறு வழி பார்த்தார். கோல்பியின் வாக்குமூலத்தை மேஜைமேல் விரித்து, பென்சிலால் கோடிட்ட ஒரு வரியை மட்டும் படித்தார்.

"'இதயத்தைக் காணவில்லை. ஈரல் தனியாக எடுக்கப்பட்டு ஒரு தட்டைக் கல்லின் மேல் வைக்கப்பட்டிருந்தது. இது ஸ்டக்கியின் வழக்கம் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்.'"

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருந்த பிடிவாதம் எங்கே போனதென்று தெரியவில்லை. 

"கல்லு மேலயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றார் மேடம். அதன் பிறகு வெர்லின் காப்பிகூடக் கொடுக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

வண்டியில் ஏறியதும் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஆள்தான் குற்றவாளி, முகமே சொல்லிவிட்டது, சங்கத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்றேன். மேடம் காதில் வாங்கவில்லை.

"மாட்டிக்கிட்டவன் முகமா அது? எழவு சேதி கேட்டவன் முகம்டா. 'அவரை அறிந்தவர்கள்'னு எழுதியிருக்கான் கோல்பி. அப்படி எத்தனை பேர் இருப்பாங்க?"

"வெர்லின் பேசற அளவுக்குன்னா ரெண்டு பேர் மேடம். அதுல ஒண்ணு நாய்."

"நாய் வாக்குமூலம் கொடுத்திருக்காது. முதல்ல கறியைப் பாப்போம்."

ஊரில் வேட்டைக் கறியை அறுத்துப் பொட்டலம் கட்டித் தருவது நதீன் என்கிற பெண்மணி. முத்திரை வைத்த வெர்லினின் கறி அவளுடைய குளிர் அறையில்தான் தொங்கியது. இரண்டு தொடை, இரண்டு சப்பை, முதுகுக்கறி இரண்டு நீளத் துண்டு, கழுத்துக்கறி ஒரு பை. அவ்வளவுதான். எல்லாம் வெள்ளைத் துணிப்பையில், கண்ணாடி மாதிரி சுத்தமாக. மேடம் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். நான் தள்ளி நின்றேன், எனக்கு அந்தச் சம்பளம் இல்லை.

விலா எங்கே, முதுகெலும்பு எங்கே என்று மேடம் கேட்டார். மூன்று வருஷமாக வெர்லின் இப்படித்தான் கொண்டுவருகிறார் என்றாள் நதீன். அதற்கு முன்னால் அவரும் ராய்ஸும் சேர்ந்து வருவார்கள், ராய்ஸின் கோவேறு கழுதைகள்மேல் முழு மிருகத்தையும் நாலு பாளமாகப் பிளந்து, விலாவும் எலும்புமாக ஏற்றி வருவார்கள். கூடவே ரொட்டிப் பையில் இதயம் இருக்கும். அன்றைக்கே வறுத்துத் தின்பார்கள்.

"இப்ப இருதயம் கொண்டார்றதே இல்ல," என்றாள். "கேட்டேன் ஒரு தடவை. வயித்தைத் திறந்தாத்தானேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மேடம் குளிர் அறைக் கதவைச் சாத்தினார். எனக்கு அப்போதுதான் மெல்ல விளங்கத் தொடங்கியது.

எங்கள் ஊரில் கொம்பனை அறுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வயிற்றைக் கீறிக் குடலை உருவிப் போட்டுவிட்டு மீதி உடம்பு முழுவதையும் கொண்டுவருவது. எழுநூறு பவுண்டு மிருகம் சரிவில் கிடக்கும். ஒருவன் அதன் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவன் கத்தியோடு உள்ளே போக வேண்டும். தனி ஆளுக்கு அது ஆகாத காரியம். அதனால் தனியாகப் போகிறவன் வயிற்றைத் தொடுவதே இல்லை. முதுகுப் பக்கமிருந்து தோலை உரித்து, கால்களைக் கழற்றி, முதுகுக்கறியை எடுத்துக்கொண்டு, முதுகெலும்பு, விலா, குடல் எல்லாவற்றையும் விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவான். குடலும் எலும்பும் ஒன்றாகவே கிடக்கும்.

"பண்ணைல குடல் இருக்கு, முதுகெலும்பு இல்ல," என்றார் மேடம். "இங்க கறி இருக்கு, இங்கயும் முதுகெலும்பு இல்ல. அப்ப அது எங்க ஜாபி?"

"எழுந்து நடந்து போயிருக்கும் மேடம். அரசு நிலம்தானே, யார் தடுப்பா?"

மேடம் சிரிக்கவில்லை. ஆறு வருஷமாக முயற்சி செய்கிறேன், ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அந்தக் குவியல் வேறு ஏதோ மிருகத்துடையது, யாரோ கொண்டுவந்து போட்டது என்றார். போட்டவனுக்கு வெர்லினின் பழைய வழக்கம் கல் வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அவர் மூன்று வருஷமாக வயிற்றைத் திறப்பதே இல்லை என்பது தெரியவில்லை. பழசு முழுக்கத் தெரிந்து புதுசு துளியும் தெரியாதவன் யார்?

பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லப் பிடிக்கவில்லை. இதையே நாலு மணிக்குக் குழுவிடம் சொல்லிவிடலாமே என்றேன். எலும்பை ஆற்றில் போட்டுவிட்டான் என்பான் கோல்பி, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று மேடம் கேட்டார். எங்களுக்கு வேண்டியது முதுகெலும்பு, அல்லது மனிதன். முதுகெலும்பு எங்கே என்று ஒருவர் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆகவே வண்டியை ராய்ஸ் வீட்டுக்கு விட்டேன்.

ராய்ஸ் ஹாபர்மன் ஆற்றோரத்தில் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தார். கோவேறு கழுதைகளை விற்றாகிவிட்டது, கொட்டகை காலி. இரண்டு முழங்காலிலும் அறுவை நடந்து, இரண்டும் சரியாகவில்லை. ஒரு கைத்தடியோடு கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார், அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அடுப்பில் இரும்புச் சட்டி இருந்தது. வெண்ணெயில் வெங்காயத்தோடு ஏதோ வதங்கிக்கொண்டிருந்த மணம் வீடு முழுக்க.

உட்காரச் சொல்லி ஆளுக்கொரு தட்டு வைத்தார். எல்க் இதயம், மெல்லிசாக அரிந்து வறுத்தது. நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். மேடம் தட்டைத் தொடாமல் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இந்த வருஷத்து எல்க் அனுமதிச் சீட்டு காந்தத்தில் ஒட்டியிருந்தது. சுட்டவுடன் அதில் தேதியை வெட்டிக் குறிக்க வேண்டும்; இது தேதி வெட்டாமல், கசங்காமல், அப்படியே இருந்தது.

"இன்னும் சுடலையா ராய்ஸ்?"

அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். மேட்டுக்கு ஏற முடியவில்லை, இரண்டு வருஷமாயிற்று என்றார். சட்டியில் இருப்பது பண்ணைக்கு வந்த விருந்தாளி சுட்டதாம். பணக்காரப் பயல்களுக்குக் கொம்பு மட்டும் போதும், இதயமெல்லாம் தின்னத் தெரியாது, அதனால் கோல்பி கொடுத்தனுப்பினான் என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று சட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேடம் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் பாய்ந்திருப்பேன். அவர் சாவகாசமாக, அந்தக் காலத்தில் நீங்கள் இரண்டு பேரும் கொம்பனை எப்படி அறுப்பீர்கள் என்று கேட்டார்.

ராய்ஸுக்கு அதைப் பேசக் கிடைத்ததே பெரிய விஷயம். கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் செய்து காட்டினார். அவர் பின்னங்காலைத் தோளில் தாங்கிப் பிடிப்பார், வெர்லின் கீறுவார். ஒரு சொட்டுச் சாணம் கறியில் படாது. இதயம் ரொட்டிப் பைக்குப் போகும். ஈரலை வெர்லின் எடுத்துப் போய் ஒரு தட்டைக் கல்லைத் தேடி வைப்பார். மாக்பை என்கிற காக்கை இனப் பறவைகளுக்காம். நமக்கு முன்னாலேயே மானைப் பார்த்துக் கத்திக் காட்டிக்கொடுத்தவை அவைதான், அவற்றுக்குப் பங்கு கொடுக்காமல் போவது கேவலம் என்பாராம்.

"முப்பத்தொரு வருஷம். ஒரு வருஷம் தப்பினதில்ல," என்றார் ராய்ஸ். "ஒரு தடவை பனிப்புயல். விரல் விறைச்சுப் போச்சு. அப்பவும் கல்லு தேடிட்டிருக்கான் மடையன்."

"இந்த வருஷமும் தேடியிருப்பாரா?"

"தேடாம? அவன் மாற மாட்டான்."

மேடம் தட்டை நகர்த்தி வைத்தார். "மாறிட்டாரு ராய்ஸ். மூணு வருஷமா அவர் வயித்தையே திறக்கல."

ராய்ஸ் புரியாமல் பார்த்தார்.

"தொடையைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்ல. அதனால முதுகுப் பக்கம் உரிச்சு, முடிஞ்சதைச் சுமந்துட்டு வந்துர்றாரு. குடலெல்லாம் எலும்போட அங்கயே கிடக்குது. கல்லும் இல்ல, ஈரலும் இல்ல."

அடுப்பை யாரும் அணைக்கவில்லை. வெங்காயம் கருகத் தொடங்கியது. ராய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தன் இடது தோளை, காலைத் தாங்குவாரே அந்தத் தோளைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிறகு தானாகவே சொன்னார். சனிக்கிழமை காலை விருந்தாளி பண்ணைக்குள்ளே ஒரு கொம்பனைச் சுட்டான். அதே காலையில் வெர்லின் வண்டி சாலையில் ஏறுவதைப் பார்த்திருந்தான் கோல்பி. குடலைத் தார்ப்பாயில் இழுத்துக்கொண்டுபோய் எல்லைக்குப் பக்கத்தில் போட்டார்கள். வெறும் குடல் என்றால் யாருடையது என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் ராய்ஸைக் கூட்டிப் போனார்கள்.

"ஈரலை வெச்சது யாரு?" என்று நான் கேட்டேன்.

"நான்தான்," என்றார் ராய்ஸ். "நல்ல கல்லாப் பாத்து வெச்சேன்."

கோல்பி அவருக்குக் கொடுத்த வாக்கு இது: சாலையை மூடிய பிறகு, வருஷத்துக்கு ஒரு முறை, பண்ணையின் புல்வெளி ஓரம், வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு கொம்பன். இறங்கவே வேண்டாம்.

எனக்கு அந்த மனிதரைச் சட்டியாலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது. சாலை ஒன்றை நம்பி இந்த மாவட்டத்தில் இருநூறு குடும்பம் குளிர்காலக் கறிக்குக் காத்திருக்கிறது. அத்தனையையும் ஒரு வண்டி சீட்டுக்கு விற்றிருக்கிறார். பிறகு அவர் எழுந்திருக்க முயன்று, முடியாமல், மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தேன். தட்டில் மீதி இருந்ததை நான் தின்னவில்லை.

நாலு மணிக்கு வந்து இதைச் சொல்வீர்களா என்று மேடம் கேட்டார். மாட்டேன் என்றார் ராய்ஸ். சொன்னால் பண்ணைக் கதவு மூடிவிடும், மேடு ஏறக் கால் இல்லை.

"எனக்கு இன்னும் எத்தனை அக்டோபர் இருக்கு ஆர்டிஸ்? வேற எங்க போவேன்?"

மேடம் எழுந்தார். போகும்போது அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு வந்தார்.

இரண்டரை மணிக்கு வெர்லின் வீட்டில் மேடம் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தார். இரண்டு வழிதான் இருக்கிறது. ராய்ஸின் பெயரைக் கூட்டத்தில் சொல்லலாம். நாங்கள் இரண்டு பேர் காதால் கேட்டிருக்கிறோம், ஃபிரிட்ஜில் சீட்டு வெட்டப்படாமல் இருக்கிறது, கோல்பியின் வக்கீலுக்கு வியர்த்துவிடும். இல்லையென்றால் முதுகெலும்பைக் காட்டலாம். திறக்காத வயிற்றோடு ஒரு கொம்பன் அரசு நிலத்தில் கிடந்தால் அதற்குமேல் யாரும் பேச முடியாது.

வெர்லினுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. கல் என்று காலையில் கேட்டபோதே தெரிந்துவிட்டது என்றார். பெயரைச் சொல்லிவிடுங்கள், இடத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நான் மன்றாடினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"முட்டி எப்படி இருக்கு அவனுக்கு?" என்று மேடத்திடம் கேட்டார்.

"மோசம்."

"நாலு மணிக்கு வர்றேன்," என்றார்.

கூட்டம் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றவர்களே நூறு பேர். கோல்பி புதுத் தொப்பியோடு முதல் வரிசையில், பக்கத்தில் வக்கீல், வக்கீலுக்குப் பக்கத்தில் ராய்ஸ். வெர்லினின் வழக்கத்துக்குச் சாட்சி சொல்ல அவரை அழைத்து வந்திருந்தார்கள். மேடம் தன் குறிப்புகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் வெர்லின் மைக்குக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாலை முடிகிற இடத்திலிருந்து ஆரம்பித்தார். வடக்கே போகும் வறண்ட ஓடையில் ஒன்றரை மைல். இடிவிழுந்து கருகிய ஊசியிலை மரம் ஒன்று வரும், அங்கே இடது கிளை. மேலே ஆஸ்பன் மரக்கூட்டம், அதன் பின்னால் கீழிருந்து பார்த்தால் தெரியாத ஒரு சின்னப் புல்தரை, ஊற்று ஒன்று, கோடையில்கூட வற்றாதது. ஊற்றுக்கு மேலே பத்தடியில் கொம்பன் கிடக்கிறது, வயிறு திறக்காமல். ஒரு மனிதன் தன் கல்யாண நாளைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். எந்தத் திருப்பத்தையும் விடவில்லை.

 பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சங்கத்துக்காரர்கள் எழுதினார்கள், பண்ணைக்காரர்கள் எழுதினார்கள், எனக்கு முன்னால் இருந்தவன் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். அவரைக் காப்பாற்ற வந்த கூட்டம் அது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, கோபத்தில்தான். மொத்தக் கூடத்திலும் எழுதாமல் இருந்தது ராய்ஸ் ஒருவர். தலையைக் குனிந்து கைத்தடியின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது ராய்ஸ் படிக்கட்டில் காத்திருந்தார். வெர்லின் வர நேரமாயிற்று. மூன்று வருஷத்தில் இருவரும் அவ்வளவு பக்கத்தில் நின்றது அதுதான் முதல் முறை.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமேடா," என்றார் ராய்ஸ்.

"சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க. கல்லைப் பத்தி, மாக்பையைப் பத்தி, எல்லாத்தையும் அந்த மைக்குல நின்னு நான் சொல்லணும்." வெர்லின் சட்டைப் பையில் சாவியைத் தேடினார். "இடம் போனாப் போகுது. அந்தக் கல்லு நம்ம ரெண்டு பேரோடதுடா."

ராய்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெர்லின் அதற்குள் படி இறங்கிப் போய்விட்டார். அவரைப் பிடிக்கப் போகுமளவுக்கு ராய்ஸின் கால்கள் ஒத்துழைக்கவில்லை.

மறுநாள் காவலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நரிகள் கடித்திருந்தன, ஆனாலும் முதுகெலும்பும் விலாவும் குடலும் ஒரே இடத்தில், ஊற்றுக்கு மேலே பத்தடியில். துப்பாக்கி திரும்பி வந்தது, முத்திரை எடுத்தார்கள், மனு தள்ளுபடியாயிற்று. அது நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்றான் கோல்பி, குழுவும் அப்படியே எழுதிக்கொண்டது. சங்கம் எங்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பியது. காவலரின் அறிக்கையில் இடம் பக்கம் இரண்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம்.

சனிக்கிழமை காலை மேடம் அந்தச் சாலையில் ஒரு தடவை போய்வரலாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சாலை முடிவதற்கு வெகுமுன்பே வண்டிகள் தொடங்கிவிட்டன. இரண்டு பக்கமும் நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். நாற்பத்து மூன்று வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண மனசு வரவில்லை. பாதிக்கு மேல் வெளி மாநில நம்பர் பலகை.

சாலை முடிகிற இடத்தில், வரிசையின் கோடியில், வெர்லினின் பழைய பிக்கப் எஞ்சின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. இந்த வருஷச் சீட்டு அவருக்கு முடிந்துவிட்டது, சுடுவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா வந்திருக்கிறார். நான் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"சாலை இருக்கு பாருங்க," என்றார்.

வண்டியைத் திருப்ப இடம் இல்லை. வண்டிகள் நின்ற முக்கால் மைல் தூரமும் வெர்லின் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார்.